மலை சுற்றிக் காட்டிய வேன்

எங்கள் ஊர் பழைய வாகன விற்பனையாளர் சங்கத்துக்கு இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். அதற்காகச் செயலாளர் பிரபு இரண்டு முறை என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இருக்கறவங்கள்லயே நீங்கதான் சார் சீனியர். தொழிலுக்கு வந்த புதுசுல கத்துக்கிட்டது நாலு விஷயம் எழுதிக் குடுங்க. இப்ப வர்றவங்களுக்கு உதவும்."

முதல் முறை தட்டிக் கழித்தேன். இரண்டாம் முறை வந்தபோது, வாசலில் நிறுத்தியிருந்த தன் காரின் எண்ணைக் கைபேசியில் தட்டிக் காட்டினார். எத்தனை கை மாறியது, காப்பீடு எப்போது முடிகிறது, கடன் இருக்கிறதா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "இனிமே யாரும் யாரையும் ஏமாத்த முடியாது சார்" என்றார் பெருமையாக.

அவர் போன பிறகு பேனாவை எடுத்தேன். அந்தத் திரையில் வராத ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அன்வர் பாய் போன மாசியில் இறந்துபோனதும் ஒரு காரணம். நான் எழுதப்போகும் விஷயம் மொத்தம் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. முதலாளி தனகோட்டி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மெக்கானிக் அன்வர் பாயும் போன பின் நான் ஒருவன்தான் மிச்சம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு மனிதர், தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று அவரிடம் சொல்லக்கூடிய ஆள் நான் மட்டும்தான் இருந்தேன்.

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன். டுடோரியல் கல்லூரி ஒன்றில் பத்து வருடம் பாடம் எடுத்தேன். அதை மூடியபோது எனக்கு முப்பத்தாறு வயது. திண்டிவனம் சாலையில் பழைய கார் வாங்கி விற்கும் தனகோட்டி, தன் மைத்துனனுக்கு நான் பாடம் எடுத்த பழக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். "வண்டி பத்தி ஒண்ணும் தெரியாதுங்களே" என்றேன்.

"வண்டிய பத்தித் தெரிஞ்சவன் எங்கிட்ட இருக்கான். உன்னப் பாத்தா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் வாத்தியாரே. அது எங்கிட்ட இல்ல."

அந்த வார்த்தையைப் பாராட்டு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

வண்டி தெரிந்தவர் அன்வர் பாய். என்னைவிட நான்கு வயது மூத்தவர். முதல் ஒரு வருடம் அவர் பின்னாலேயே சுற்றினேன். காந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி வண்டியின் உடம்பு முழுக்க மெதுவாகத் தடவுவார். எங்கே ஒட்டாமல் நழுவுகிறதோ அங்கே அடிபட்டுப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கால்மிதியைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். மீட்டரைப் பார்க்கவே மாட்டார். "மீட்டர் மனுசன் திருப்பறது. பெடல் ரப்பரப் பாருங்க, அது தேய்ஞ்சத யாரும் திருப்ப முடியாது" என்பார். ஊரில் விற்பனைக்கு நின்ற முக்கால்வாசி வண்டிகளை டாக்டர் ஓட்டிய வண்டி என்றே தரகர்கள் சொல்வார்கள். பாய் அதைக் கேட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். "திருவண்ணாமலையில டாக்டர விட டாக்டர் வண்டி ஜாஸ்தி சார். ஜுரம் வந்தா வண்டிகிட்டயே காட்டிக்கலாம்."

வண்டி வந்ததும் அவர் செய்யும் கடைசிச் சோதனையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டு, பிரேக் பெடலை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடிப்பார். அறுபது எண்ணுவார். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. மிதித்த இடத்திலேயே பெடல் நின்றால் சரி. காலுக்கடியில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால், பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கோளாறு சட்டென்று தெரியாது. சமதரையில் மெதுவாகப் போனால் வண்டி நிற்கும். இரண்டு முறை தட்டி மிதித்தால் இன்னும் நன்றாக நிற்கும். இறக்கத்தில், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே வரவேண்டிய இடத்தில்தான் பெடல் தரை வரைக்கும் போய்விடும்.

முதலாளியிடம் கற்றது வேறு வகை. தனகோட்டி உயரமான மனிதர், மென்மையாகப் பேசுவார். விற்கிற வண்டிக்குள் உட்கார மாட்டார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். "பொய் சொல்லாத வாத்தியாரே. சொன்னா அத ஞாபகம் வெச்சிக்கினு இருக்கணும்" என்று முதல் வாரமே சொன்னார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு குறையை அவராகச் சொல்லிவிடுவார். "இந்தக் கண்ணாடி விரிசல். பாத்துக்குங்க. பின்னாடி எங்கிட்ட வந்து சொல்லக் கூடாது." அதோடு வந்தவர் இளகிவிடுவார். அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றாது.

அவருடைய இன்னொரு ஏற்பாடு, ஓட்டிக் காட்டுவது. மற்ற ஊர்களில் மேம்பாலத்தில் ஏற்றிக் காட்டுவார்கள், நெடுஞ்சாலையில் விரட்டிக் காட்டுவார்கள். நாங்கள் மலையைச் சுற்றிக் காட்டினோம். "வாங்கறதுக்கு முன்ன அண்ணாமலையாரச் சுத்திட்டு வந்துடுங்க" என்றால் வேண்டாம் என்பவர் யார்? குடும்பத்தோடு ஏறிக்கொள்வார்கள். பதினான்கு கிலோமீட்டர், பெரிய ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லாத பாதை. நாற்பதுக்கு மேல் போகத் தேவையில்லை. வழியில் உள்ள எட்டு லிங்கக் கோயில்களிலும் நிறுத்தவேண்டும். என்ஜின் சத்தத்தைக் கவனிக்கவேண்டியவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். சுற்றி முடித்து இறங்கும்போது நெற்றியில் விபூதியும் மனதில் ஒரு நிறைவும் இருக்கும். அந்த நிறைவை வண்டியின் மேல் ஏற்றிக்கொள்வார்கள். பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன். எந்த லிங்கத்தின் அருகில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பது வரை எனக்குப் பழகியிருந்தது.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம், கார்த்திகை மாதம், ஏழுமலை வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊர். மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் வைப்பவர். அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது. என் வயதுதான் அவருக்கும், இருவரும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் முன்புதான் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்திருந்தார். வேன் வேண்டும் என்றார். மணிலாவும் ஏற்றலாம், குடும்பமும் போகலாம்.

கார்த்திகை முடிவதற்குள் எங்களுக்கு எல்லாம் விற்றாக வேண்டும். மார்கழியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். ஏழுமலையின் மனைவி வசந்தா வரப்போகும் வெள்ளிக்கிழமையைச் சொல்லி, அன்று காலையில் வண்டி வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்று நாள் குறித்துவிட்டாள். எங்களிடம் இருந்த ஒரே வேன் புதன்கிழமைதான் வந்திருந்தது. பாய் அதில் உட்கார்ந்து அறுபது எண்ணினார். முப்பதைத் தாண்டும்போதே அவர் முழங்கால் நகர்வதைப் பார்த்தேன்.

"பெடல் எறங்குது மொதலாளி. மாஸ்டர் கிட் மாத்தாம குடுக்க முடியாது."

"கிட்டு எங்க கெடைக்கும்?"

"இந்த வண்டிக்கு இங்க இல்ல. வேலூர்ல சொல்லி வெச்சா ரெண்டு மூணு நாளாகும்."

"வெள்ளிக்கெழம குடுக்கணுமே."

"திங்கக்கெழம குடுங்க. ஒண்ணும் குடி முழுகிடாது."

"இங்க திங்கக்கெழமன்னா, செங்கம் ரோட்டுக் கடையில வெள்ளிக்கெழமயே வேற வண்டி எடுத்துனு போயிடுவாங்க பாய்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் படித்தவன், வழி சொல்வேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். நான் வழி சொன்னேன். இதை முதலாளி தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. அது என் யோசனை. பழைய எண்ணெயை இறக்கி, புது எண்ணெய் ஊற்றி, குழாயில் தங்கிய காற்றை எடுத்துக் கொடுத்தால் பெடல் சில நாள் கெட்டியாக நிற்கும். பத்தாம் நாள் இலவச சர்வீஸ் என்று சொல்லி வண்டியை வரவழைப்போம். அதற்குள் கிட் வந்திருக்கும். ஏழுமலைக்குத் தெரியாமலே மாற்றிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "பத்து நாள்ல அவர் வரலன்னா?" என்றார்.

"நான் வரவெக்கறேன் பாய். என் பொறுப்பு."

"உங்க பொறுப்பா?"

"என் பொறுப்பு."

பாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போனார். புது எண்ணெய் ஊற்றினார்.

வியாழக்கிழமை மலை சுற்றினோம். ஏழுமலையும் அவர் மகன் சேகரும் பின்னால். சேகருக்குப் பதினான்கு வயது, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தான். "கம்முனு கெடடா, கழண்டு வந்துடப்போவுது" என்று அப்பா அதட்டினார். வசந்தா முன்னால், எனக்கு இடதுபக்கம். ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கி, கும்பிட்டு, விபூதி கொண்டுவந்து வண்டியின் ஸ்டியரிங்கில் பூசினாள். எமலிங்கத்தில் எனக்கும் நீட்டினாள். "நீங்களும் இட்டுக்குங்க சார். உங்க கையாலதான வண்டி வருது."

குபேரலிங்கத்தை நெருங்கும்போது அவள் கேட்டாள்: "இன்னாங்க சார், நிறுத்தும்போதெல்லாம் கால ரெண்டு வாட்டி அமுத்துறீங்க?"

நான் அதுவரை ஆறு முறை நிறுத்தியிருந்தேன். ஒவ்வொரு முறையும், மெல்ல, ஒரு தட்டு தட்டி, அடுத்த தட்டில் நிறுத்தினேன். வாங்க வருபவர்கள் யாரும் ஓட்டுபவன் காலைக் கவனித்ததில்லை. அவள் காலைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"அது ஒரு பழக்கம்மா" என்றேன்.

"நல்லதுன்னா இவருக்கும் சொல்லிக் குடுங்க. இவரு எடுத்த எடுப்புல ஒரே மிதியா மிதிக்கறாரு."

பின்னாலிருந்து ஏழுமலை சிரித்தார். "ஆமா, லைசென்ஸ் குடுத்தவரு இவங்கதான். நீயே ஓட்டிக்கினு போ."

"ஓட்டுனா ஓட்டுவேன். மாடு ஓட்டல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அவருக்குத் தேவையில்லம்மா. ஒரு தடவ மிதிச்சாலே நிக்கும்" என்றேன்.

முதலாளி பொய் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை வேலூரிலிருந்து கிட் வந்துவிட்டது. புது ரப்பர்கள் அடைத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய பொட்டலம். என் மேஜை இழுப்பறையில் போட்டேன். தீபத்துக்கு முந்தைய வாரம், ஊருக்குள் கால் வைக்க இடமில்லை, பத்தாம் நாள் கவனிக்காமலே போயிற்று. இதுவரை ஒரு சாக்கு இருக்கிறது. பிறகு மார்கழி பிறந்தது. மார்கழியில் எனக்கு வேலையே இல்லை. காலையில் வந்து வண்டிகளைத் துடைக்கச் சொல்லிவிட்டு, மாலை வரை செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூருக்கு அரைமணிக்கு ஒரு பேருந்து எங்கள் வாசல் வழியாகவே போகும். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பொட்டலம் கண்ணில் படும். ஒருமுறை பாய் கேட்டார். "வந்தாரா சார் அந்த வேன்காரரு?" "பேர் மாத்தற பேப்பருக்கு பொங்கல் கழிச்சு வருவாரு பாய். அப்ப பாத்துக்கலாம்" என்றேன். நான் கெட்ட எண்ணத்தில் சும்மா இருக்கவில்லை. எந்த எண்ணமும் இல்லாமல் சும்மா இருந்தேன். அதை எந்தப் பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அரைப்பரீட்சை விடுமுறையில், சேகர் அருவி பார்க்கவேண்டும் என்று கேட்டதால், ஏழுமலை குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போனார். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது, மூன்றாவதோ நான்காவதோ வளைவில் பெடல் உள்ளே போய்விட்டது. பள்ளத்தில் விழாமல் இருக்க வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பினார். இடது முன்பக்கம் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் வசந்தா.

முன்பக்கம் நசுங்கிப் பிரேக் குழாயும் அறுந்திருந்ததால், பிரேக் சரியாக இருந்ததா என்று சோதித்துச் சொல்ல முடியவில்லை. புதிதாக ஓட்டக் கற்றவர், மலைப்பாதை. ஊர் முடிவு செய்துகொண்டது. பின்னால் உட்கார்ந்து "பிரேக் அடிப்பா, பிரேக் அடிப்பா" என்று கத்திய மகனும் முடிவு செய்துகொண்டான்.

காரியம் முடிந்த மறுவாரம் ஏழுமலை எங்களிடம் வந்தார். மொட்டை அடித்திருந்தார். உடைந்த வேனை நாங்களே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க வந்திருந்தார். அதை வாசலில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்றார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

"வண்டி மேல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன் சார். நீங்க நல்ல வண்டியாத்தான் குடுத்தீங்க. எனக்குத்தான் காலு பதறிப்போச்சு. பிரேக்குன்னு நெனச்சிகினு கிளச்ச மிதிச்சிட்டேன் போல. மிதிச்சா அப்படியே உள்ள போச்சு சார். கிளச்சுதான அப்படிப் போவும்?"

அவர் என்னிடம் கேட்டார். கேள்வியாகவே கேட்டார். வண்டி தெரிந்தவன், படித்தவன், நான் சொன்னால் சரியாக இருக்கும். இழுப்பறை என் முழங்காலை ஒட்டி இருந்தது.

"மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேனை இழுத்து வந்ததும் பாய் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பிரித்தார். ரப்பரின் ஓரம் கிழிந்து நார் நாராக இருந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டார். அந்த வாரக் கடைசியில் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போனார். போளூர் சாலையில் தனியாக ஷெட் போட்டார். போகும்போது முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்து, "உங்க பொறுப்புன்னு சொன்னீங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தோம். எதிரில் வந்தால் தலையசைப்பார். நின்றதில்லை. வேலைக்கு நடுவில் தினமும் அவருடன் குடித்த டீக்குப் பிறகு எனக்கு யாருடனும் டீ குடிக்கும் பழக்கம் வரவில்லை. அவர் மையத்து அடக்கத்துக்குப் போனேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். அவர் மகன்களுக்கு என்னை யாரென்று தெரியவில்லை.

நான் தொழிலை விடவில்லை. விட்டிருந்தால் காரணம் சொல்லவேண்டியிருக்கும். இன்னும் இருபது வருடம் இருந்தேன். மலை சுற்றிக் காட்டுவதை மட்டும் நிறுத்தினேன். ஒவ்வொரு வண்டியிலும் நானே உட்கார்ந்து அறுபது எண்ணினேன். பெடல் இறங்கும் வண்டி ஒன்றுகூட என் கையைத் தாண்டி வெளியே போகவில்லை. அதனால் எனக்கு நல்ல பெயர் வந்தது. 'ஒரு நிமிட சார்' என்று இந்தச் சங்கத்தில் இன்றும் சிலர் சொல்வார்கள். யாராவது அப்படிச் சொல்லி வணக்கம் வைத்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். கர்வம் என்று நினைத்திருக்கலாம். வீட்டில் என் மனைவியும் பலமுறை கேட்டாள். "ஊர்ல எல்லாரும் உங்கள நல்ல மனுசன்றாங்க. உங்களுக்கு ஏன் ஒருத்தரும் ஆவல?" அவளிடமும் சொல்லவில்லை. ஆறு வருடம் முன்பு அவள் போய்விட்டாள். மகள் புனேயில் இருக்கிறாள், ஞாயிறு தோறும் பேசுவாள், மருந்து சாப்பிட்டேனா என்று கேட்பாள். அடி அண்ணாமலையில், சுற்றுப்பாதையை ஒட்டினாற்போல் என் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான கால்கள் என் ஜன்னலைக் கடந்து போகின்றன. ஒரு முகமும் திரும்பாது. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பாய் இறந்த நாற்பதாம் நாள் கழிந்தபின், ஒரு புதன்கிழமை காலை, பழைய பெட்டியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்து ஏறினேன். அதை ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தேன் என்று கேட்டால், எறிய எனக்கு உரிமை இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

ஏழுமலை வீட்டு வாசலில் சாக்கு விரித்து மணிலாக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். விதைக்கு. தனியாக இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அதுவே எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"வாங்க சார், வாங்க. இன்னா இவ்ளோ தூரம்? நடந்தா வந்தீங்க? ஒரு வண்டி வெச்சிகினு வரக்கூடாதா? வண்டிக்காரருக்கே வண்டி இல்லியா?" என்று எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேச்சு வந்துவிடும். பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்து, புதன்கிழமை வந்த வேனிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னேன். அறுபது எண்ணியது, புது எண்ணெய் ஊற்றச் சொன்னது யார், பத்து நாள் கணக்கு, வசந்தா குபேரலிங்கத்தருகே கேட்டது, நான் சொன்ன பதில், மார்கழி முழுதும் படித்த செய்தித்தாள்.  அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ," என்றார் கடைசியில், "நான் பிரேக்கத்தான் மிதிச்சேனா?"

"பிரேக்கத்தான் மிதிச்சீங்க."

"கிளச்சு இல்ல?"

"இல்லைங்க. பிரேக்குதான். நீங்க சரியாத்தான் மிதிச்சீங்க. வண்டிதான் நிக்கல."

அவர் தன் வலது காலைப் பார்த்தார். கொட்டைத்தோல் ஒட்டியிருந்த அந்தப் பாதத்தை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இந்தக் கால எத்தினி வாட்டி செருப்பால அடிச்சிகினு இருக்கேன் தெரியுமா சார்" என்றார். சத்தம் இல்லாமல் சொன்னார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் நான் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

உள்ளே போய்க் கைபேசியைக் கொண்டுவந்தார்.

"பையன் ஓசூர்ல இருக்கான். வருசத்துக்கு ஒரு நாளு அவங்கம்மா திதிக்கு வருவான். எலை போட்டு முடிஞ்சா கெளம்பிடுவான். எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான். நான் சொன்னா இதையும் கத கட்டறேன்பான். நீங்க சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எண்ணைப் போட்டு, ஒலிக்கத் தொடங்கியதும் என் கையில் கொடுத்துவிட்டார்.

வேலைக்கு நடுவில் எடுத்த குரல். "இன்னாப்பா?" என்றது, சலிப்பாக. நான் யாரென்று சொன்னேன். மீண்டும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவன் நடந்து எங்கோ வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் நின்றது. நான் சொல்லி முடித்தேன்.

"அந்த ரெண்டு தட்டு," என்றான். "எங்கம்மா கேட்டாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஆமாம்பா."

"எங்கப்பாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். ஏழுமலை காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. "ம்" என்றார். "ஆமாண்டா" என்றார். "அழுவாதடா, நீ சின்னப் பையன், ஒனக்கு இன்னா தெரியும்" என்றார். சொல்லும்போது அவருடைய தோள்தான் குலுங்கியது. நான் வாசலில் உடைத்த கொட்டைகளுக்கும் உடைக்காத கொட்டைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பேசி முடித்து அவர் திரும்பியபோது முகம் நனைந்திருந்தது. "சனிக்கெழம வரானாம். பொண்டாட்டி புள்ளயோட" என்றார். யாரிடமாவது சொல்லவேண்டும், நான்தான் இருந்தேன். பிறகு நான் யார் என்பது அவருக்கு நினைவு வந்தது. முகம் மாறுவதைக் கண்ணால் பார்த்தேன்.

"நீங்க கெளம்புங்க சார்" என்றார். "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"சரிங்க."

பொட்டலத்துக்காகக் கையை நீட்டவில்லை, ஆனால் கண் அதன் மேல் போயிருக்கும் போல. "இது இங்கயே இருக்கட்டும்" என்று அதை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

பிரபு, நீங்கள் கேட்டது தொழிலுக்கு வந்த புதிதில் கற்றதை. அது இவ்வளவுதான். அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்து எழுதவில்லை, குறையவும் இல்லை. உங்கள் கைபேசி எல்லாம் சொல்கிறது, சந்தோஷம். ஆனாலும் வண்டியை விற்பதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடியுங்கள். இறங்கினால், வாங்க வந்த பார்ட்டி போனாலும் போகட்டும்.

அன்று திரும்பும்போது பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கைதான் காலியாக இருந்தது. பொதுவாக அங்கே உட்கார மாட்டேன். அன்று உட்கார்ந்தேன். ஊர் எல்லையில் ஒரு பெண் கையைக் காட்டி ஓடிவந்தாள், இடுப்பில் குழந்தை. ஓட்டுநர் யாரிடமோ பேசிக்கொண்டே காலை வைத்தார். ஒரே ஒரு முறைதான் மிதித்தார். பேருந்து நின்றது.